முட்டை பட்டு, அரிசி பருத்தி

பேத்தியின் மழலையர் பள்ளியிலிருந்து வந்த சீட்டில் நான்கே பொருட்கள் இருந்தன. வெள்ளை அரிசி ஒரு கப், வினிகர் ஒரு தேக்கரண்டி, உணவுச் சாயம் பத்துச் சொட்டு, வாயை அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பை ஒன்று. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அது. தடித்த அட்டையை முட்டை வடிவில் வெட்டி, பசை தடவி, நிற அரிசியை அதன்மேல் தூவி அலங்காரம் செய்யப்போகிறார்களாம். நான் அப்போது நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். வீட்டில் சும்மா இருக்கும் ஆள் என்பதால் அரிசிக்கு நிறமேற்றும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

முப்பது வருடம் வேதியியல் நடத்திய கர்வம். சீட்டை முழுசாகப் படிக்கவில்லை. சாயம் கரையத் தண்ணீர்தானே வேண்டும் என்று அரை டம்ளர் தண்ணீரில் நீலச் சாயத்தைக் கரைத்து, அரிசியைக் கொட்டி, அரை மணி நேரம் ஊறவிட்டேன். வடித்துத் தட்டில் பரப்பியபோது நிறம் வெளிறிப்போய், துவைத்துத் துவைத்து அலுத்த பள்ளிச் சீருடை மாதிரி இருந்தது. கையில் எடுத்தால் மணிகள் குறுக்கே ஒடிந்தன. மறுநாள் காலை எல்லாம் கட்டிகட்டியாகக் காய்ந்து தட்டோடு ஒட்டிக் கிடந்தது. "பாட்டி, இது சாதமா?" என்றாள் பேத்தி. இல்லை என்று சொல்ல எனக்கே தயக்கமாக இருந்தது.

ஒடிந்ததற்குக் காரணம் இது. கடையில் வாங்கும் அரிசியில் ஈரம் 12, 13 சதவீதம்தான். அதைத் தண்ணீரில் போட்டதும் மேல்புறம் முதலில் உறிஞ்சி உப்புகிறது. நடுப்பகுதிக்கு ஈரம் போய்ச்சேர நேரமாகும். அதுவரை அது காய்ந்தபடியே, பழைய அளவிலேயே இருக்கிறது. வெளிப்புறம் நீளப் பார்க்கிறது, உட்புறம் கூடவே இழுபடுகிறது. இழுப்பு தாங்காமல் உட்புறம் குறுக்கே கீறிக்கொள்கிறது. அதிரசத்துக்கு ஊறவைத்த பச்சரிசியில் ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், குறுக்குவாட்டில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளால்தான் ஊறிய அரிசி நகம் பட்டாலே உடைகிறது. மாவு இடிப்பவருக்கு இது வசதி, அரிசி ஆலைக்காரருக்குத் தலைவலி. நன்றாகக் காய்ந்த நெல் மறுபடி மழையில் நனைந்தால் அரைவையில் குருணை கூடுவது இதே கீறலால்தான். ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இன்னும் எளிது. மேலே இருந்த தவிடும் மாவும் தண்ணீரில் கரைந்து கஞ்சியாகி, காயும்போது பசையாக மாறியிருந்தது.

இரண்டாம் முறை கண்ணாடி போட்டுக்கொண்டு சீட்டைப் படித்தேன். பையில் அரிசி, அதன்மேல் சாயம், பிறகு வினிகர், மூடிக் குலுக்கு என்றிருந்தது. அப்படியே செய்தோம். சாயச் சொட்டு விழுந்த இடத்தில் இருந்த ஏழெட்டு மணிகள் அதை உடனே குடித்துக் கருநீலமாகிவிட்டன. மற்றவை எவ்வளவு குலுக்கியும் அரைகுறை நீலத்தில் நின்றன. மூன்றாம் முறை சீட்டைக் கொஞ்சம் மீறினேன். சாயத்தை முதலில் வினிகரில் கலந்து, அந்தக் கலவையைப் பையில் ஊற்றி உடனே குலுக்கினோம். முதல் பத்து விநாடி அங்கங்கே திட்டு. பிறகு நனைந்த மணி பக்கத்து மணியைத் தொட்டு, அது அடுத்ததைத் தொட்டு, ஒரு நிமிடத்தில் பை முழுக்க ஒரே நீலம். காகிதத்தில் பரப்பினோம். இரவுக்குள் காய்ந்து, கொட்டினால் சலசலவென்று விழும் அரிசியாகிவிட்டது.

கணக்குப் போட்டால் சூட்சுமம் தெரியும். ஒரு கப் அரிசி ஏறக்குறைய 200 கிராம். ஒரு தேக்கரண்டி 5 மில்லி. ஆக, அரிசியின் ஈரம் இரண்டரை சதவீதம்தான் கூடுகிறது. மேல்தோல் நனையலாம், உட்புறம் கீறும் அளவுக்கு உப்பாது, கஞ்சி கரைய நீர் போதாது. சீட்டை எழுதிய ஆசிரியைக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டில் அட்சதை கலப்பவர்களும் எந்தக் கணக்கும் பார்ப்பதில்லை. உள்ளங்கையில் அரிசி, மேலே மஞ்சள்தூள், இரண்டு சொட்டுத் தண்ணீரோ நெய்யோ, ஒரு பிசறல். தண்ணீர் கூடினால் அட்சதை கெட்டுவிடும் என்று பாட்டிமார்களுக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் மறந்துபோயிற்று.

சரி, தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும் என்பது புரிகிறது. வினிகர் எதற்கு? "வினிகர் போட்டாத்தான் கலர் பிடிக்கும்மா, ஈஸ்டர் முட்டைக்கும் அதான் போடுவாங்க" என்றாள் மகள். முட்டையைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரி. அரிசிக்கும் அதுவே பொருந்துமா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

முட்டையில் நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். முட்டையோட்டில் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் சரக்கு. ஆனால் சாயம் பிடிப்பது சுண்ணாம்பை அல்ல. ஓட்டின் மேலே, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமனில், புரதத்தாலான ஒரு படலம் உண்டு. கோழி முட்டையிடும்போதே அதற்குப் போட்டுவிடும் மேற்பூச்சு அது. புரதத்தில் அமினோ தொகுதிகள் இருக்கின்றன. சுற்றிலும் அமிலம் இருந்தால் அவை ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு நேர்மின்சுமை பெறுகின்றன. டார்ட்ரசின் மஞ்சள், பிரில்லியண்ட் புளூ போன்ற உணவுச் சாயங்களின் மூலக்கூறில் சல்போனேட் தொகுதிகள் தொங்குகின்றன. அவற்றுக்கு எதிர்மின்சுமை. எதிரும் நேரும் இழுத்துக்கொள்கின்றன, சாயம் உட்கார்ந்துவிடுகிறது. வினிகர் இல்லாவிட்டால் புரதத்தின் நேர்மின்சுமை குறைவு, பிடிப்பும் குறைவு, நிறமும் வெளிறல். வினிகர் அதிகமானாலும் ஆபத்து: அமிலம் சுண்ணாம்பை அரித்துக் கார்பன் டை ஆக்சைடு குமிழாகக் கிளம்பும், ஓடு சொரசொரத்துப்போய், பிடித்த சாயம் ஓட்டோடு கழன்று வரும். அரை கப் வெந்நீருக்கு ஒரு தேக்கரண்டி என்பதே போதும். அமெரிக்காவில் முட்டையைக் கழுவித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். அதில் மேற்படலம் ஓரளவு போய்விடும். ஆனாலும் ஓட்டுக்குள் பின்னிக் கிடக்கும் புரதம் மிச்சம் இருப்பதால் சாயம் ஏறத்தான் செய்கிறது.

சாயத் தொழிலில் இது புது விஷயமில்லை. பட்டுக்கும் கம்பளிக்கும் இதே வகைச் சாயத்தைத்தான் அமிலத் தொட்டியில் ஏற்றுகிறார்கள். பட்டு புரதம், கம்பளியும் புரதம். அதே தொட்டியில் பருத்தி நூலை முக்கினால் நிறம் ஏறியதுபோல் தெரியும், அலசினால் போய்விடும். பருத்தி செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸ் சர்க்கரையைக் கோத்த நீளச் சங்கிலி. அதில் அமினோ கிடையாது, சொல்லத்தக்க மின்சுமையும் கிடையாது. அமிலத்தைக் காட்டினாலும் பருத்தி அசைவதில்லை.

அரிசி இதில் எந்தப் பக்கம்? அரிசியில் 80 சதவீதம்வரை ஸ்டார்ச். ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலிதான், கோக்கும் கோணம்தான் வேறு. புரதம் 7 சதவீதம் அளவில், உட்புறத்தைவிட வெளி அடுக்குகளில் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. ஆகவே சாயக்காரர் கண்ணுக்கு முட்டை பட்டு மாதிரி, அரிசி பருத்தி மாதிரி. வினிகர் அந்த ஏழு சதவீதத்தை உசுப்பிவிடும், மீதியிடம் அதன் பாச்சா பலிக்காது.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் வினிகருக்குப் பதிலாக, காயத்துக்குத் தடவும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலை ஊற்றியும் அரிசிக்கு நிறமேற்றுகிறார்கள். ஆல்கஹாலில் அமிலம் துளியும் இல்லை. நிறமோ வினிகரில் வருவதைப்போல் பளிச்சென்று வருகிறது, கூடவே சீக்கிரம் காய்கிறது. ஸ்டார்ச் ஆல்கஹாலில் உப்பாது, கஞ்சியும் விடாது. அமிலம்தான் காரணம் என்றால் ஆல்கஹாலில் நிறம் வந்திருக்கவே கூடாது. அப்புறம் இரண்டாவது சோதனை. வினிகரில் நிறமேற்றிக் காயவைத்த அரிசி ஒரு கைப்பிடி, நிறமேற்றிய அவித்த முட்டை ஒன்று, இரண்டையும் குழாயடியில் காட்டினேன். முட்டையிலிருந்து முதலில் கொஞ்சம் நீலம் ஓடி, பிறகு நின்றுவிட்டது. அரிசியிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் கையில் மிஞ்சியது வெளிறிய நீலம். அந்த மிச்சம் புரதம் பிடித்து வைத்ததாக இருக்கலாம், உள்ளே ஊறியதாகவும் இருக்கலாம். பெரும்பகுதி எங்கும் ஒட்டியிருக்கவில்லை, அரிசியின் மேல்தோலில் காய்ந்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆக, அரிசியைப் பொறுத்தவரை வினிகரின் முக்கிய வேலை கொஞ்சமாக இருப்பது. சாயத்தைச் சுமந்து எல்லா மணிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு ஆவியாகிவிடுகிறது. நான் சொல்வதை நம்ப மறுத்த மகளிடம் இதை இரண்டு தடவை விளக்கினேன். "சரிம்மா, இருந்தாலும் வினிகரே ஊத்து" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். குழந்தைகள் கை வைக்கும் பொருளில் ஆல்கஹாலைவிட வினிகர் நல்லது.

ஸ்டார்ச்சை நிறமாக்கவே முடியாதா என்று யாராவது கேட்கலாம். முடியும், பத்தாம் வகுப்பில் எல்லோரும் செய்ததுதான். அரிசியின்மேல் அயோடின் சொட்டு வைத்தால் கருநீலம். ஸ்டார்ச்சின் அமைலோஸ் சங்கிலி சுருள்கம்பிபோல் சுற்றிக்கொள்ளும், அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் வரிசையாக அடைந்துகொள்ளும். அது உண்மையான பிடிப்பு. ஈஸ்டர் அலங்காரத்துக்கு மட்டும் ஆகாது.

அரிசி சாயத்தைக் கெட்டியாகப் பிடிப்பதில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த மிக அழகான சாட்சி வேறொரு கைவேலை. மூடியுள்ள கிண்ணத்தில் கால் கப் காய்ந்த அரிசி, அதில் சாயம் ஏழெட்டுச் சொட்டு. வினிகர் வேண்டாம். அவித்து ஆறவைத்த முட்டையை உள்ளே வைத்து மூடி, மெதுவாகக் குலுக்குகிறார்கள். திறந்தால் முட்டை முழுக்கக் காடை முட்டைபோலப் புள்ளிகள். இரண்டாவது கிண்ணத்தில் வேறு நிறம், இன்னொரு குலுக்கல், புள்ளிமேல் புள்ளி. என் இரண்டாம் முயற்சியில் குறையாகத் தெரிந்த திட்டுத்திட்டுத்தான் இங்கே அழகு. அரிசி மணி ஒவ்வொன்றும் ஒரு குட்டி முத்திரைக்கட்டை. சாயத்தை மேலே ஏந்தி வருகிறது, முனை முட்டையைத் தொடும் இடத்தில் விட்டுவிட்டுப் போகிறது. பருத்தி கைவிட்டதைப் பட்டு வாங்கிக்கொள்கிறது. பேத்தி இதை நான்கு முட்டைக்குச் செய்தாள். ஐந்தாவது முட்டையை ஆர்வம் தாங்காமல் பாத்திரம் துலக்கும் வேகத்தில் குலுக்கியதில் அது உடைந்து, நாங்கள் அதைச் சாப்பிட்டோம்.

முட்டையின் பிடிப்பு எவ்வளவு பலம் என்று பார்க்க உக்ரைனின் பிசாங்கா முட்டையைப் பார்க்க வேண்டும். மெழுகை உருக்கி நுண்குழாய்ப் பேனாவால் வெள்ளை முட்டையில் கோடு போட்டு, மஞ்சள் சாயத்தில் முக்குவார்கள். மறுபடி மெழுகு, ஆரஞ்சு, மறுபடி மெழுகு, சிவப்பு, கடைசியில் கறுப்பு. பிறகு சூடுகாட்டி மெழுகைத் துடைத்தெடுத்தால், மூடியிருந்த ஒவ்வொரு கோடும் தன் நிறத்தோடு வெளிப்படும். நம்மூர் பாத்திக் துணிக்கு இருக்கும் அதே தந்திரம். வரிசையாக நான்கு தொட்டியில் முங்கி எழுந்தும் முதல் மஞ்சள் கலையாமல் இருக்கிறதென்றால் அது மேலே மூடிய மெழுகோடு ஓட்டுப் புரதத்தின் தயவும்தான். 2024-இல் யுனெஸ்கோ தன் கலாசார மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

ஈஸ்டருக்கும் முட்டைக்கும் எப்படிச் சேர்க்கை என்பதில் அறிவியல் கொஞ்சம் உண்டு. கோழி முட்டையிடுவது பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பொறுத்தது. குளிர்நாடுகளில் மார்கழி, தை மாதங்களில் பகல் சுருங்கி முட்டை குறையும். வசந்தம் வரும்போது பகல் நீண்டு, கோழி மளமளவென்று இட ஆரம்பிக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் தவக்காலம், நம்மூர் சீர்திருத்தச் சபையார் லெந்து நாட்கள் என்பார்களே, அது வரும். இடைக்கால ஐரோப்பாவில் அந்த 40 நாளும் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிக்கு யார் போய்ச் சொல்வது? முட்டை சேர்ந்துகொண்டே போகும். விரதம் முடியும் ஈஸ்டர் அன்று வீடு நிறைய முட்டை. 1290-ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், சாயமும் தங்கத் தகடும் ஏற்றிப் பரிசளிக்க 450 முட்டைக்கு 18 பென்ஸ் செலவு எழுதியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் இன்றும் பெரிய வியாழனன்று முட்டைக்குச் சிவப்பேற்றுகிறார்கள், வெங்காயச் சருகை வேகவைத்த நீரிலேயே செம்பழுப்பு ஏற்றுவோரும் உண்டு.

வினிகர் கலக்கும் வழக்கம் வீட்டுக்கு வீடு பரவியதற்கு நான் தங்கியிருந்த மாநிலமே காரணம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த வில்லியம் டவுன்லி, 1880 வாக்கில், வினிகரும் நீரும் சேர்த்துக் கரைத்தால் போதும் என்று முட்டைச் சாயத்தைப் பொட்டலம் கட்டி 5 சென்ட்டுக்கு விற்றார். வியாபாரப் பெயர் பாஸ். பென்சில்வேனியா ஜெர்மானியக் குடியேறிகள் ஈஸ்டருக்குச் சொல்லும் பாஸன் என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் கத்தோலிக்கர் சொல்லும் பாஸ்காவும் அதுவும் ஒரே எபிரேய வேரில் முளைத்தவை. டார்ட்ரசின் மஞ்சள் 1884-இல் கண்டுபிடிக்கப்பட்டது, ஆக முட்டைச் சாயப் பொட்டலமும் செயற்கை மஞ்சளும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள்.

கடைச் சாயத்தை விட்டுக் காய்கறிக்கு வந்தால் முட்டையும் அரிசியும் இன்னும் வேடிக்கையாகப் பிரிகின்றன. ஊதா நிற முட்டைக்கோஸ் பாதியை நறுக்கி, தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டினால் கருஊதாச் சாறு கிடைக்கும். (முட்டைக்குச் சாயம் போட முட்டைக்கோஸைவிடப் பெயர்ப்பொருத்தம் உள்ள காய் வேறு ஏது?) சாற்றில் வினிகர் விட்டதும் அது இளஞ்சிவப்புக்குத் திரும்பியது. அதில் ஓர் அவித்த வெள்ளை முட்டையை முக்கி ஃபிரிட்ஜில் இரவு வைத்தேன். இன்னொரு பங்குச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, வினிகர் சேர்த்து, ஒரு தேக்கரண்டியை எடுத்து அரிசியில் பிசறிக் காயவிட்டேன். காலையில் பேத்திதான் முதலில் பார்த்தாள். ஒரே பாத்திரத்துச் சாறு. அரிசி இளஞ்சிவப்பு. முட்டை நீலம், வானத்து நீலம். "பாட்டி, முட்டை பொய் சொல்லுது" என்றாள்.

பொய் இல்லை. முட்டைக்கோஸின் நிறம் ஆந்தோசயனின். அமிலத்தில் சிவக்கும், நடுநிலையில் ஊதா, காரத்தில் நீலம், இன்னும் காரம் ஏறினால் பச்சை. சாறு அமிலமாக இருந்தாலும், ஓட்டை ஒட்டிய மெல்லிய இடத்தில் கால்சியம் கார்பனேட் அமிலத்தைத் தின்று தீர்த்துவிடுகிறது. அந்த இடம் காரப் பக்கம் சாய்கிறது, அங்கே போய் உட்காரும் ஆந்தோசயனின் நீலமாகிறது. அரிசியிடம் அமிலத்தைத் தின்ன எதுவும் இல்லை, அதனால் வினிகர் சொன்ன நிறமே நிலைத்தது. இதை உறுதிசெய்ய இன்னொரு கைப்பிடி அரிசிக்கு வினிகரை நிறுத்திவிட்டு, சாற்றில் ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டேன். அரிசி நீலப்பச்சை. வேலியில் பூக்கும் சங்குப்பூவிலும் இதே இன நிறமிதான். மலேசியாவில் நாசி கெராபு என்று நீலச் சோறு சாப்பிடுகிறார்கள், அங்கே உள்ள தமிழர்களுக்குத் தெரிந்த நிறம். எலுமிச்சை பிழிந்தால் அதுவும் ஊதாவுக்கு ஓடும்.

மஞ்சளின் கதை தனி. மஞ்சளின் நிறமி குர்குமின். அதற்கு மின்சுமைப் பேரம் தேவையில்லை, பருத்தியிலும் நேராகவே ஏறும். வேண்டுதல் முடிய மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்க முடிவது அதனால்தான். தண்ணீரில் மட்டும் அவ்வளவாகக் கரையாது. அதனால்தான் அட்சதையில் அது கரைசலாகப் பரவாமல் தூளாகவே ஒட்டி நிற்கிறது. சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் நாம் பார்ப்பதுதான். ஈஸ்டர் அரிசிக்குக் கடைச் சிவப்பு பிடிக்காதவர்கள் மஞ்சளையும் துளிச் சுண்ணாம்பையும் வைத்துக்கொண்டு செங்கல் சிவப்புவரை போகலாம். ஒரே குறை, வெயில். குர்குமினை வெளிச்சம் தின்றுவிடும்.

நிறம் ஏறிய பிறகு அரிசி வேறு வித்தைகளும் காட்டுகிறது. மஞ்சள் சாயத்தையும் நீலச் சாயத்தையும் கிண்ணத்தில் கலந்தால் பச்சை என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். மஞ்சள் அரிசியையும் நீல அரிசியையும் பாதிப்பாதி கலந்து எட்ட நின்று பாருங்கள், வருவது மங்கிய சாம்பல் கலந்த பச்சை. சாயம் கலக்கும்போது ஒன்று விட்ட ஒளியை மற்றது விழுங்குகிறது. அரிசி மணிகள் கலக்கும்போது ஒன்றின் ஒளியை மற்றது விழுங்குவதில்லை. இரண்டின் ஒளியும் தனித்தனியே வந்து நம் கண்ணில் சராசரி ஆகிறது. பிரெஞ்சு ஓவியர் சூரா 1880-களில் புள்ளிபுள்ளியாகத் தீட்டிய ஓவியங்கள் நம்பியிருந்தது இதைத்தான். ஆகவே பச்சை வேண்டுமென்றால் பச்சைச் சாயத்தில் அரிசியைப் போடுங்கள், அரிசியோடு அரிசியைக் கலந்து பெற நினைக்காதீர்கள்.

கண்ணாடிக் குப்பியில் அரிசியை நிறநிறமாக அடுக்கி அதன்மேல் முட்டையை நிற்கவைப்பதும் அமெரிக்காவில் வழக்கம். முட்டை உருளாமல் நிற்கிறது. பக்கவாட்டில் தள்ளினால் மணிகள் ஒன்றோடொன்று முட்டி நெரித்து, திரவமாய் இருந்தது சட்டென்று திடமாய் நின்றுகொள்கிறது. நெல் குவியலில் கால் கணுக்கால்வரை இறங்கி நின்றுவிடுவதும் அப்படித்தான். வீட்டிலிருந்து பள்ளிக்குக் காரில் போன குப்பியில் அடுக்குகளின் எல்லை கலங்கியிருந்தது, அதுவும் கீழ் அடுக்குகளில்தான் அதிகம். அரிசியில் இருந்த குருணை செய்த வேலை அது. குலுங்கும்போது பெரிய மணிகளுக்கு இடையே உண்டாகும் இடுக்கில் சிறியது நழுவி இறங்கிவிடும், பெரியது இறங்க இடம் கிடைக்காமல் மேலேயே நிற்கும். குருணையைப் புடைத்து நீக்கிவிட்டு, தட்டித்தட்டி இறுக்கி, வாய்வரை நிரப்பி மூடினால் குலுங்க இடமிருக்காது. முறத்தால் புடைக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்பதை இங்கே பதிவுசெய்துகொள்கிறேன்.

பச்சரிசியா புழுங்கலரிசியா என்று கேட்பவர்களுக்கு: பச்சரிசி. புழுங்கலரிசி தானே லேசாக மஞ்சள், நீலம் போட்டால் பச்சை தட்டும். நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி வெள்ளைக் காகிதம்போல.

சாயம் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். குழந்தை கை வாய்க்குப் போகும், அரிசி என்றால் நிச்சயம் போகும். 1950-இல் அமெரிக்காவில் ஹாலோவீன் மிட்டாயில் அளவுமீறிப் போட்ட ஆரஞ்சுச் சாயத்தால் குழந்தைகள் நோயுற்றார்கள், பிறகு அந்தச் சாயத்துக்குத் தடை வந்தது. உணவில் பயன்பட்டுவந்த சிவப்புச் சாயமான எரித்ரோசினுக்கு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் அனுமதியை விலக்கிக்கொண்டது. முட்டைக்காரர்களுக்கு அது முன்பிருந்தே முரண்டு பிடிக்கும் சாயம்தான். அதில் சல்போனேட் கிடையாது, வினிகர் பட்டால் கரைசலிலிருந்து வண்டலாகப் பிரிந்துவிடும். இந்தியாவில் உணவுக்கு அனுமதித்த செயற்கைச் சாயங்கள் எட்டு. துணிச் சாயமான ரோடமைன்-பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நிறப் பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கும். கோலப்பொடியைத் தண்ணீரில் கரைத்து அரிசியில் பிசறினால் மலிவாக முடியும்தான். செய்யாதீர்கள். உணவுச் சாயம் என்று அச்சிட்ட புட்டியை வாங்குங்கள், இல்லையென்றால் அடுப்படியில் இருக்கும் மஞ்சளும் பீட்ரூட்டும் போதும்.

உண்ணும் அரிசியை இப்படி விளையாட்டுக்குக் கொட்டலாமா என்ற உறுத்தல் எனக்கும் இருந்தது. கீழே சிந்திய பருக்கையைப் பொறுக்கி எடுத்தே வளர்ந்த தலைமுறை. மகளிடம் சொன்னால் சிரிப்பாள் என்று, வண்டு விழுந்து ஒதுக்கி வைத்திருந்த பழைய பையிலிருந்துதான் மூன்று முயற்சிக்கும் அரிசி எடுத்தேன். பள்ளிக்குப் போனது மட்டும் நல்ல அரிசி.

ஊர் திரும்பி ஏழு மாதத்துக்குப் பிறகு மகள் படம் அனுப்பினாள். ஜன்னலோரம் ஒட்டிவைத்த அட்டை முட்டையில் முட்டைக்கோஸின் இளஞ்சிவப்பு அழுக்குப் பழுப்பாகிவிட்டது, மஞ்சள்தூள் அரிசி வெறும் அரிசியாகிவிட்டது. டார்ட்ரசின் மஞ்சள் தூவிய அன்று இருந்தபடியே இருக்கிறது.